உஷார்! அந்த உதறல் பழைய காரின் குணம் இல்லை

மணிக்கு 55 மைல் வரை வண்டி சாதுவாகப் போகிறது. 60-ஐத் தொட்டதும் ஸ்டீயரிங் கைக்குள் உதறத் தொடங்குகிறது. 68, 70 என்று மிதித்தால் அடங்கிவிடுகிறது. எம்.ஜி.பி. ஸ்போர்ட்ஸ் கார் வைத்திருக்கிற யாரிடமாவது இதைச் சொல்லிப் பாருங்கள். “பழைய கார்தானே, அப்படித்தான் இருக்கும். கொஞ்சம் வேகமா போங்க, சரியாயிடும்” என்று பதில் வரும்.

தயவுசெய்து அந்தப் பதிலை நம்பாதீர்கள். உதறல் தீரவில்லை, உங்கள் கைக்குத் தெரியாத வேகத்துக்கு வண்டி போயிருக்கிறது, அவ்வளவுதான். அதைக் கிளப்புகிற விசை வேகத்தோடு சேர்ந்து ஏறிக்கொண்டேதான் இருக்கிறது. ரிம்மின் ஓரத்தில் வெறும் 50 கிராம் எடை ஏறுமாறாக இருந்தாலே போதும். 60 மைல் வேகத்தில் அது ஏறக்குறைய 7 கிலோ விசையோடு வீல் பேரிங்கையும் ஸ்டீயரிங் மூட்டுகளையும் வினாடிக்கு 14 முறை இழுத்து அடிக்கும். வேகம் இரண்டு மடங்கானால் விசை நான்கு மடங்கு.

1962-ல் இங்கிலாந்தின் அபிங்டன் தொழிற்சாலையிலிருந்து வெளிவந்தபோது எம்.ஜி.பி. உதறிக்கொண்டு வரவில்லை. 1,798 சி.சி. எஞ்சின், நூறு மைலைத் தாண்டும் வேகம், நடுத்தரச் சம்பளக்காரர் கனவு காணக்கூடிய விலை. அப்படி வந்த திறந்த ஸ்போர்ட்ஸ் கார் அது. 1965-ல் கூரை வைத்த ஜி.டி. வந்தது. 1980-ல் உற்பத்தி நிற்பதற்குள் எல்லா வகையும் சேர்த்து 5 லட்சத்துக்கும் மேல் செய்துவிட்டார்கள். (இன்று இந்தியச் சாலைகளில் ஓடும் எம்.ஜி. ஹெக்டரில் இருப்பதும் அதே எண்கோணச் சின்னம்தான். ஆனால் இந்தக் காருக்கும் அதற்கும் ஒரு நட்டு, போல்ட்டு உறவுகூடக் கிடையாது.) இத்தனை செய்ததால்தான் இன்றும் இவ்வளவு எம்.ஜி.பி. ஓடுகிறது, உதிரிப் பாகமும் சுலபமாகக் கிடைக்கிறது. முதன்முதலாக ஒரு பழைய ஸ்போர்ட்ஸ் கார் வாங்குகிறவர்கள் தேடிப் போகிற காரும் இதுதான். என் பயமே அங்கேதான் ஆரம்பிக்கிறது.

பிரிட்டனில் 2018 மே 20 முதல், 40 வயதைத் தாண்டிய கார்களுக்கு, பெரிய மாறுதல் எதுவும் செய்யாமல் இருந்தால், வருடாந்தர எம்.ஓ.டி. (வாகனத் தகுதி) சோதனை கட்டாயம் இல்லை. அதாவது இன்று ஓடும் எம்.ஜி.பி. எதையும் வருடம் ஒருமுறை ஜாக்கியில் தூக்கிச் சக்கரத்தை ஆட்டிப் பார்த்தே ஆக வேண்டும் என்ற கட்டாயம் யாருக்கும் கிடையாது. சோதனைதான் போனதே தவிர, பொறுப்பு போகவில்லை. ஆபத்தான நிலையில் இருக்கும் வண்டியை ஓட்டினால் 2,500 பவுண்டு வரை அபராதம், லைசென்ஸில் 3 புள்ளிகள் என்ற விதி அப்படியே இருக்கிறது. விதி கிடக்கட்டும். வண்டிக்கு அடியில் என்ன நடக்கிறது என்று உங்களுக்குச் சொல்ல இனி அந்த உதறல் ஒன்றுதான் மிச்சம். அதையும் “பழைய கார்தானே” என்று தள்ளிவிட்டால் எச்சரிக்க வேறு யாரும் இல்லை.

உடனே ஓரம் கட்டவேண்டிய நேரம்

எல்லா உதறலும் ஒரே தரம் கிடையாது. நேற்றுவரை இல்லாமல் இன்று திடீரென்று வந்த உதறல், ஓட்டிக்கொண்டிருக்கும்போதே நிமிடத்துக்கு நிமிடம் கூடும் உதறல், 20, 30 மைல் வேகத்திலேயே தொம் தொம் என்று தாளம் போடும் உதறல், கிளட்சை விடும்போது அடியில் “டங்” என்று இடிக்கும் சத்தத்தோடு வரும் உதறல். இந்த நாலில் எது வந்தாலும் “வீட்டுக்குப் போய்ப் பார்த்துக்கொள்ளலாம்” என்று நினைக்காதீர்கள். மோட்டர்வேயில் இருந்தால் முதலில் கிடைக்கும் வெளிவழியில் இறங்குங்கள். டோ வண்டிக்கு ஆகும் செலவு பெரிதல்ல.

பல மாதமாக ஒரே வேகத்தில், ஒரே அளவில் இருக்கும் உதறல் என்றால் கொஞ்சம் அவகாசம் உண்டு. அந்த அவகாசம் தேடிக் கண்டுபிடிப்பதற்குத்தான். பழகிக்கொள்வதற்கு இல்லை.

எது எவ்வளவு வேகமாகச் சுற்றுகிறது?

தேடல் என்றதும் பலரும் பாகம் வாங்க ஓடுகிறார்கள். வேண்டாம். முதலில் ஒரு சின்னக் கணக்கு. எம்.ஜி.பி.யின் டயர் ஒரு சுற்றுக்கு இரண்டு மீட்டருக்குச் சற்றுக் குறைவான தூரம் ஓடும். 60 மைல் வேகத்தில் சக்கரம் வினாடிக்கு ஏறக்குறைய 14 முறை சுற்றுகிறது. பின் ஆக்ஸிலின் பல் விகிதம் 3.909. ஆகவே ப்ரொப்பல்லர் ஷாஃப்ட் வினாடிக்கு 55 முறை சுற்றும். நான்காவது கியர் நேரடி கியர் என்பதால் எஞ்சினும் அதே 55. நான்கு சிலிண்டர் எஞ்சினுக்கு இயல்பாகவே இருக்கும் அதிர்வு அதன் இரண்டு மடங்கு, 110.

இந்த எண்களைக் கையால் உணர முடியும். வினாடிக்கு 14 என்பது எண்ணிவிடலாம் போன்ற ஆட்டம். ஸ்டீயரிங் இடமும் வலமுமாகத் துடிக்கும், அல்லது சீட் மேலும் கீழும் குலுங்கும். 55 என்பது இரைச்சல் கலந்த நடுக்கம். கியர் லீவரிலும் நடு டனலிலும் தெரியும், கண்ணாடியில் பின்னால் வரும் வண்டி மங்கலாகும். 110-ஐ உடம்பைவிடக் காதுதான் முதலில் பிடிக்கும்.

ஷாஃப்ட்டும் எஞ்சினும் ஒரே வேகத்தில் சுற்றினால் எது குற்றவாளி என்று எப்படிப் பிரிப்பது? இந்தக் காரில் அதற்கு அருமையான வழி இருக்கிறது. உங்கள் வண்டியில் லேகாக் ஓவர்டிரைவ் இருந்தால், உதறல் வரும் அதே ரோட்டு வேகத்தில் அதை ஆன் செய்யுங்கள். எஞ்சின் சுற்று ஏறக்குறைய ஐந்தில் ஒரு பங்கு குறைந்து 45-க்கு வரும். ஓவர்டிரைவ் கியர்பாக்ஸின் பின்பகுதியில் இருப்பதால் ஷாஃப்ட் அதே 55-ல்தான் சுற்றிக்கொண்டிருக்கும். உதறல் மாறாமல் அப்படியே இருந்தால் எஞ்சினை விட்டுவிடுங்கள், குற்றம் பின்னால் இருக்கிறது. உதறல் மறைந்து, வேறொரு ரோட்டு வேகத்தில் திரும்ப வந்தால் எஞ்சின், கிளட்ச் பக்கம் பாருங்கள். ஓவர்டிரைவ் இல்லாத வண்டியில் மூன்றாவது கியரை வைத்து இதே சோதனையைச் செய்யலாம். நியூட்ரலில் விட்டு உருளவிட்டும் பார்க்கலாம். ஆனால் ஒன்று. ஓடும்போது சாவியைத் திருப்பி எஞ்சினை மட்டும் அணைக்காதீர்கள். பிந்தைய மாடல்களில் ஸ்டீயரிங் பூட்டு இருக்கிறது. பிரேக் சர்வோவும் கைவிட்டுவிடும்.

நின்ற இடத்தில் எஞ்சினை மெல்ல நிமிடத்துக்கு 3,300 சுற்றுக்கு ஏற்றிப் பாருங்கள். அங்கேயே நடுங்கினால் சக்கரத்தைக் குறை சொல்லிப் பயனில்லை.

இப்போது போன் செயலிகளும் அதிர்வை அளந்து காட்டுகின்றன. நல்ல உதவிதான். போன் பக்கத்து சீட்டில் இருப்பவர் கையில் இருக்கட்டும். ஒரு எச்சரிக்கையும் உண்டு. பல போன்களின் அதிர்வு உணரி வினாடிக்கு 100 முறைதான் அளவெடுக்கும். அப்படிப்பட்ட போனால் 50-க்கு மேற்பட்ட அதிர்வைச் சரியாகக் காட்ட முடியாது. 55-ல் நடுங்கும் ஷாஃப்ட்டை 45 என்று காட்டும். 45-ஐப் பார்த்துவிட்டு நீங்கள் எஞ்சினைக் கழற்றிக்கொண்டிருப்பீர்கள்.

கம்பிச் சக்கரம்: கண்ணுக்கு அழகு, உள்ளே என்ன?

எம்.ஜி.பி. என்றால் பலருக்கு ஸ்போக் வைத்த கம்பிச் சக்கரம்தான் ஞாபகம் வரும். நடுவில் ஒரே நட்டு, சுத்தியலால் தட்டிக் கழற்றுவது, தட்டி மாட்டுவது. 60 மைல் உதறலுக்கு நான் முதலில் சந்தேகப்படுவதும் அதைத்தான், மிகவும் பயப்படுவதும் அதைத்தான்.

இரும்பு டிஸ்க் சக்கரத்தை நான்கு போல்ட்டு பிடித்திருக்கிறது. கம்பிச் சக்கரத்தில் எஞ்சினின் இழுவையும் பிரேக்கின் பிடிப்பும் ஹப்பில் இருக்கும் ஸ்பிளைன் பற்கள் வழியாகத்தான் சக்கரத்துக்குப் போகின்றன. நட்டு கொஞ்சம் தளர்ந்து ஓடினால், கிரீஸ் வற்றினால், பற்கள் ஒன்றையொன்று தேய்க்கும். தட்டையான தலையோடு இருந்த பல் ரம்பப் பல் மாதிரி கூராகிவிடும். முதலில் லேசான உதறல். பிறகு முன்னே போய்ப் பின்னே எடுக்கும்போது “டிக்” என்று ஒரு சத்தம். சக்கரத்தின் நடுவிலிருந்து சிவப்பான துருத்தூள் கோடு கோடாகத் தெறித்திருக்கும். கடைசியில் ஒருநாள் பற்கள் மொத்தமாக வழித்துக்கொண்டு போகும். அப்போது அந்தச் சக்கரத்துக்கு இழுவை மட்டும் போகாது, பிரேக்கும் போய்விடும். ஏனென்றால் பிரேக் பிடிப்பது ஹப்பைத்தான். ஹப் நிற்கும், சக்கரம் உருண்டுகொண்டே இருக்கும்.

இதைச் சோதிக்க அரை மணி நேரம் போதும். ஹேண்ட்பிரேக்கை இறுக்கி, பின் சக்கரத்தைத் தூக்கி, இரண்டு கையாலும் பிடித்து முன்னும் பின்னும் திருப்பிப் பாருங்கள். ஹப் பிரேக்கில் பூட்டியிருக்கிறது. சக்கரம் மட்டும் கொஞ்சம் அசைந்தாலும் ஸ்பிளைன் தேய்ந்துவிட்டது. முன் சக்கரத்துக்கு, உள்ளே ஒருவரை உட்காரவைத்து பிரேக்கை மிதிக்கச் சொல்லுங்கள். தேய்ந்திருந்தால் ஹப்பையும் சக்கரத்தையும் சேர்த்தே மாற்றுங்கள். தேய்ந்த ஹப்பில் மாட்டிய புதுச் சக்கரம் சீக்கிரமே பழசாகிவிடும்.

அடுத்தது நட்டு. இடப்புறச் சக்கரத்துக்கு வலது மரை, வலப்புறத்துக்கு இடது மரை. கழற்றும் திசை எது என்றால், கார் முன்னே போகும்போது சக்கரம் சுற்றுகிற அதே திசை. கேட்பதற்குத் தலைகீழாகத் தெரிந்தாலும் அதுதான் சரி. அப்படி இருந்தால்தான் ஓட்டத்தில் நட்டு தானாக இறுகும். நட்டின் மேலேயே கழற்றும் திசைக்கு அம்புக்குறி இருக்கும். பின் ஆக்ஸிலைப் பிரித்துச் சேர்த்தபோதோ, டிஸ்க் சக்கரத்திலிருந்து கம்பிச் சக்கரத்துக்கு மாற்றியபோதோ யாராவது இடது ஹப்பை வலப்புறம் மாட்டியிருந்தால் என்ன ஆகும்? நீங்கள் எவ்வளவு ஓங்கி அடித்து இறுக்கினாலும் ஓட்டத்தில் நட்டு தானாகக் கழன்றுகொண்டே வரும். முதல் அறிகுறி உதறல். இரண்டாவது அறிகுறியாக, உங்கள் சக்கரம் உங்களை முந்திக்கொண்டு போகும். கார் புதிதாகக் கைக்கு வந்திருந்தால், இந்தப் பக்கத்தை மூடிவைத்துவிட்டுப் போய் நான்கு நட்டின் அம்புக்குறியையும் பாருங்கள்.

இந்த இரண்டும் சரி என்றான பிறகுதான் பேலன்சிங்குக்குப் போகவேண்டும். பலர் நேராகப் போவது அங்கேதான், ஏமாறுவதும் அங்கேதான். சாதாரண டயர்க் கடையின் பேலன்சிங் இயந்திரம் சக்கரத்தை நடு ஓட்டையில் ஒரு கூம்பை வைத்துப் பிடிக்கிறது. கம்பிச் சக்கரம் காரில் உட்காருவதோ முன்னும் பின்னும் இருக்கும் இரண்டு சரிவு முகங்களில். அந்த இரண்டையும் பிடிக்கும் தனி அடாப்டர் இல்லாமல் பேலன்ஸ் செய்தால் சக்கரம் இயந்திரத்தில் ஒரு மையத்திலும் காரில் வேறொரு மையத்திலும் சுற்றும். இயந்திரத்தில் பூஜ்யம் என்று காட்டும், ரோட்டில் உதறும். கடைக்காரரிடம் முதலில் கேளுங்கள்: “கம்பிச் சக்கரத்துக்கு அடாப்டர் இருக்கிறதா?” இல்லை என்றால் வேறு கடை.

பேலன்சிங் எடையை மட்டும் சமன் செய்யும். வட்டமில்லாத சக்கரத்தை வட்டமாக்காது. முன் சக்கரத்தைத் தூக்கி, ரிம் ஓரத்துக்குப் பக்கத்தில் ஒரு குச்சியை அசையாமல் நிறுத்தி, மெல்லச் சுற்றுங்கள். இடைவெளி ஒன்றிரண்டு மில்லிமீட்டர் மாறினாலே உதறலுக்குப் போதும். பிறகு ஒரு சின்ன ஸ்பானரால் ஒவ்வொரு ஸ்போக்கையும் தட்டிக்கொண்டு வாருங்கள். இறுக்கமானது கணீர் என்று ஒலிக்கும், தளர்ந்தது மொத்தென்று கேட்கும். தளர்ந்தது இரண்டு மூன்று இருந்தால் ஸ்போக் கட்டத் தெரிந்தவரிடம் கொடுங்கள், நீங்களாக முறுக்காதீர்கள். அழகுக்காகப் பவுடர் கோட்டிங் அடித்த சக்கரம் என்றால் உள் சரிவு முகத்தில் பெயின்ட் கெட்டியாகப் படிந்திருக்கிறதா என்றும் பாருங்கள். அந்தப் படலம் சக்கரத்தைச் சரியாக உட்காரவிடாது.

டயருக்கு வருவோம். இந்தக் கார்கள் வருடத்தில் கொஞ்ச தூரம்தான் ஓடுகின்றன. டயரின் பூ தேயாது, வயது மட்டும் ஏறும். ஓரத்தில் நாலிலக்க எண் இருக்கும். 2309 என்றால் 2009-ம் ஆண்டின் 23-வது வாரம். 2021 பிப்ரவரி 1 முதல் பிரிட்டனில் லாரி, பஸ்களின் முன் ஆக்ஸிலில் பத்து வயதைத் தாண்டிய டயர் போடுவதற்குத் தடை. கார்களுக்கு அந்தத் தடை இல்லை. அதனால் ஆபத்து இல்லை என்று ஆகிவிடாது. பழைய டயரின் உள்ளே பெல்ட்டும் ரப்பரும் பிரியத் தொடங்கினால், மெதுவான வேகத்திலேயே தொம் தொம் என்று அடிக்கும். உள்ளங்கையால் பூவின் மேல் தடவிக்கொண்டே சக்கரத்தைச் சுற்றுங்கள். ஓரிடத்தில் புடைப்பு தட்டினால் அந்த டயரில் இனி ஒரு மைல்கூட ஓடக்கூடாது. கம்பிச் சக்கரத்தில் ஸ்போக் ஓட்டைகள் இருப்பதால் உள்ளே டியூப் வேண்டும். புது டயர் போடும்போது டயரின் உட்புறத்தில் ஒட்டியிருக்கும் காகித லேபிளை உரித்தெடுக்கச் சொல்லுங்கள். அது டியூபைத் தேய்த்தே ஓட்டையாக்கும்.

குளிர்காலம் முழுக்க ஒரே இடத்தில் நின்ற கார் முதல் சில மைல் குலுங்குவது மட்டும் வேறு விஷயம். டயர் சூடானதும் அது தானாக நின்றுவிடும். நிற்காவிட்டால் மேலே சொன்னதை எல்லாம் பாருங்கள்.

“பின்னாடி மாத்திப் போட்டேன், நின்னுடுச்சு!”

இதைக் கேட்கும்போதெல்லாம் எனக்குப் பகீரென்கிறது. உதறும் முன் சக்கரத்தைப் பின்னால் மாற்றிப் போடுவது சோதனை என்ற அளவில் அருமையான வழி. உதறல் ஸ்டீயரிங்கிலிருந்து சீட்டுக்கு மாறினால் குற்றவாளி அந்தச் சக்கரம்தான் என்று தெரிந்துவிடும். தெரிந்த பிறகும் அங்கேயே விட்டுவிடுகிறார்களே, அதுதான் ஆபத்து. கெட்டுப்போன சக்கரம் இப்போது கைக்குத் தெரியாத இடத்தில் இருக்கிறது. எஞ்சினின் இழுவையும் இப்போது அதன் ஸ்பிளைன் மேல் விழுகிறது.

தடிமனான ஸ்டீயரிங் உறை, தரையில் அதிர்வு உறிஞ்சும் பாய், கெட்டியான பாலியூரித்தேன் புஷ் எல்லாம் இதே கதைதான். புஷ் மாற்றுவது தப்பில்லை. காரணத்தைக் கண்டுபிடிக்கும் முன் மாற்றுவதுதான் தப்பு.

இடுப்புக்குப் பக்கத்தில் சுற்றும் ஷாஃப்ட்

கியர்பாக்ஸிலிருந்து பின் ஆக்ஸிலுக்குப் போகும் ப்ரொப்பல்லர் ஷாஃப்ட், ஓட்டுகிறவருக்கும் பக்கத்தில் இருப்பவருக்கும் நடுவில், மெல்லிய தகட்டு டனலுக்குள் நிமிடத்துக்கு 3,300 முறை சுற்றுகிறது. இரு முனையிலும் யுனிவர்சல் ஜாயின்ட். நம் ஊர் மெக்கானிக்குகள் கிராஸ் என்று சொல்வது இதைத்தான். உள்ளே இருக்கும் ஊசி பேரிங்குகள் கிரீஸ் இல்லாமல் வறண்டால் கிராஸின் கோப்பை ஓரத்தில் சிவப்புத் தூள் தெரியும். நடுக்கம் கூடும். முன் கிராஸ் உடைந்தால் ஷாஃப்ட் முனை ரோட்டில் இறங்கி ஊன்றிக்கொள்ளும். அந்த வேகத்தில் வண்டியின் பின்பாகத்தையே அது கிளப்பிவிடக்கூடும். பின் கிராஸ் உடைந்தால் தறிகெட்ட இரும்புக் குழாய் அடிப்பக்கத்தில் எட்டியதையெல்லாம் அடித்து நொறுக்கும்.

சோதிப்பது எளிது. நான்கு சக்கரமும் தரையில் இல்லாதபடி கார் உறுதியான ஸ்டாண்டுகளில் நிற்கட்டும். எஞ்சின் அணைந்திருக்கட்டும், கியர் நியூட்ரலில் இருக்கட்டும். கிராஸின் இருபுறத்தையும் இரண்டு கையால் பிடித்து எதிரெதிராக முறுக்குங்கள், மேலே தூக்கிப் பாருங்கள். கொஞ்சமும் ஆட்டம் இருக்கக்கூடாது. ஆட்டமே இல்லாமல் இறுகிப்போன கிராஸும் நடுக்கம் தரும். ஷாஃப்ட்டைக் கழற்றி, கையால் மடக்கிப் பார்த்தால்தான் அது பிடிபடும்.

கழற்றும் முன் ஃபிளாஞ்சுகள் இரண்டிலும் பெயின்ட்டால் அடையாளக் கோடு போட்டுவிடுங்கள். எந்த நிலையில் இருந்ததோ அதே நிலையில் திரும்ப மாட்டவேண்டும். இன்னொன்று இதைவிட முக்கியம். ஷாஃப்ட் இரண்டு துண்டு, ஒன்றுக்குள் ஒன்று ஸ்பிளைனில் சறுக்கும். பிரித்துச் சேர்க்கும்போது இரு முனைக் கவைகளும் ஒரே நேர்க்கோட்டில் வரவேண்டும். அதற்காகவே இரண்டு துண்டிலும் அம்புக்குறி போட்டிருப்பார்கள், பெயின்ட்டும் துருவும் அதை மறைத்திருக்கும். ஒரு பல் தள்ளி மாட்டினாலும் முன் கிராஸ் உண்டாக்கும் வேக ஏற்ற இறக்கத்தைப் பின் கிராஸால் சரிக்கட்ட முடியாது. சுற்றுக்கு இரண்டு முறை அதிரும், அதாவது 60 மைலில் 110. கேட்பவர் எஞ்சின் சத்தம் என்றே நினைப்பார். கிராஸ் மாற்றியதிலிருந்து நடுக்கம் என்று யாராவது சொன்னால் முதலில் இதைப் பாருங்கள்.

கியர்பாக்ஸ் ரப்பர் எண்ணெயில் ஊறித் தாழ்ந்தாலும் இதே மாதிரி அதிர்வு வரும். 1974-க்குப் பிந்தைய ரப்பர் பம்பர் கார்களை உயரம் குறைக்கிறேன் என்று பின் பட்டை ஸ்பிரிங்குகளை மாற்றி, ஆக்ஸிலின் சாய்வு மாறினாலும் அப்படித்தான். முன்னும் பின்னும் உள்ள ஃபிளாஞ்சுகள் ஒன்றுக்கொன்று இணையாக இருக்கவேண்டும்.

ஷாஃப்ட்டில் ஹோஸ் கிளிப்பை மாட்டி, அதைச் சுற்றிச் சுற்றித் திருப்பி வைத்து பேலன்ஸ் செய்யும் பழைய உத்தி ஒன்று உண்டு. காரை ஸ்டாண்டில் நிறுத்தி 60 மைல் வேகத்துக்குச் சக்கரத்தைச் சுழலவிட்டு, கீழே படுத்துக்கொண்டு பார்க்கிறார்கள். செய்யாதீர்கள், செய்கிறவரையும் தடுங்கள். அதிர்கிற கார் ஸ்டாண்டிலிருந்து நகரும். ஒரு பின் சக்கரம் மட்டும் சுற்றினால் டிஃபரென்ஷியலால் அது ஸ்பீடாமீட்டர் காட்டுவதைப்போல இரண்டு மடங்கு வேகத்தில் சுற்றும். அதோடு, ஆக்ஸில் தொங்கும் நிலையில் கிராஸின் கோணமே மாறிவிடுவதால் ரோட்டில் இல்லாத நடுக்கம் அங்கே தோன்றும். உயிரைப் பணயம் வைத்து ஒரு பொய்யான விடை. ஷாஃப்ட்டைக் கழற்றி, ஷாஃப்ட் பேலன்ஸ் செய்யும் பட்டறையில் கொடுங்கள். அவர்கள் இயந்திரத்தில் ஏற்றிப் பார்த்துச் சொல்வார்கள்.

ஒரு சின்ன வளையம்

முன் சக்கர ஹப்பில், உள் பேரிங்குக்கும் வெளிப் பேரிங்குக்கும் நடுவில் ஒரு குழாய் வளையமும், மெல்லிய ஷிம் தகடுகளும் உண்டு. நட்டை முழுசாக இறுக்கிய பிறகும் 0.05 முதல் 0.1 மில்லிமீட்டர் வரை ஆட்டம் இருக்கும்படி ஷிம் போட்டுச் சரிசெய்ய வேண்டும். பொறுமை வேண்டிய வேலை. அதனால் பலர் வளையத்தையே தூக்கிப் போட்டுவிட்டு, சாதாரணக் கார் மாதிரி நட்டை இறுக்கி, கொஞ்சம் தளர்த்திவிட்டுப் போய்விடுகிறார்கள். அந்த வளையம் வெறும் இடைவெளிக்காக வைத்தது அல்ல. நட்டு இறுகும்போது வளையமும் பேரிங்குகளும் சேர்ந்து ஸ்டப் ஆக்ஸிலை விறைப்பாக்குகின்றன. அது இல்லாமல் ஒவ்வொரு வளைவிலும் ஆக்ஸில் கொஞ்சம் கொஞ்சமாக வளைந்து நிமிர்ந்து, அயர்ச்சியில் விரிசல் விடும். நீங்கள் வாங்கும்போது விற்பவர் “முன் பேரிங் புதுசு” என்று சொன்னால், வளையம் உள்ளே இருக்கிறதா என்று கேளுங்கள். பதில் தயங்கினால் திறந்து பாருங்கள்.

முன் சக்கரத்தை மேலும் கீழும் பிடித்து ஆட்டும்போது ஆட்டம் தெரிந்தால், ஒருவரை பிரேக்கை மிதிக்கச் சொல்லி மீண்டும் ஆட்டுங்கள். ஆட்டம் மறைந்தால் பேரிங், மறையாவிட்டால் கிங்பின் (சக்கரம் திரும்பும் அச்சு). கிங்பின்னுக்கு 3,000 மைலுக்கு ஒருமுறை கிரீஸ் அடிக்க வேண்டும். இன்றைய கார் ஓட்டிப் பழகியவர்களுக்கு அப்படி ஒரு வேலை இருப்பதே தெரியாது.

பிரேக் பிடிக்கும்போது மட்டும் உதறினால் பிரேக் டிஸ்க்கைப் பாருங்கள். எஞ்சின் பக்க அதிர்வில் உயிர் போகும் காரணங்கள் குறைவு, ஆனால் ஒன்று உண்டு. எஞ்சினோடு சுற்றும் உலோக விசிறியின் இறக்கையில் விரிசல் இருந்தால் அது பறந்து பானெட்டையே கிழிக்கும். பானெட் திறந்திருக்கும்போது விசிறிக்கு நேராக நின்று எஞ்சினை முறுக்காதீர்கள். மற்றபடி ஊறிப்போன எஞ்சின் மவுன்ட், ஒன்றுக்கொன்று ஒத்துப்போகாத இரண்டு எஸ்.யூ. கார்புரேட்டர், கிராங்க் புல்லியில் ரப்பர் விட்டுப்போன அதிர்வு அடக்கி ஆகியவற்றை வரிசையாகப் பாருங்கள். ரப்பர் விட்டுப்போனால் புல்லியின் வெளி வளையம் நகரும், டைமிங் குறியும் கூடவே பொய்யாகும்.

ஒரு நேரத்தில் ஒரே ஒரு மாற்றம். டயர் காற்றழுத்தம் அதே அளவு, டயர் சூடான பிறகு, அதே ரோடு, அதே வேகம். ஒவ்வொன்றையும் ஒரு நோட்டில் எழுதிவையுங்கள். மூன்று பாகத்தைச் சேர்த்து மாற்றி உதறல் நின்றால், எது காரணம் என்று உங்களுக்கு எப்போதும் தெரியப்போவதில்லை. அடுத்த முறை வரும்போது எங்கிருந்து தேடுவீர்கள்? புதுப் பாகம் என்பதாலேயே அது நல்ல பாகம் என்றும் எண்ணவேண்டாம். இப்போது தயாராகிவரும் ரப்பர் பாகங்களின் தரம் ஒரே சீராக இல்லை. மாட்டிய பிறகும் சோதித்தே தீரவேண்டும்.

எல்லாம் சரியான பிறகு, கம்பிச் சக்கரத்தைக் கழற்றி மாட்டியிருந்தால் 30 மைல் ஓட்டிவிட்டு நிறுத்தி, காரைத் தூக்கி, நட்டை மறுபடியும் சுத்தியலால் அடித்துப் பாருங்கள். ஷாஃப்ட்டின் ஃபிளாஞ்ச் போல்ட்டுகளுக்கும் பின் பட்டையின் யூ போல்ட்டுகளுக்கும் அன்றே ஒரு ஸ்பானர் வைத்துவிடுங்கள். சக்கர நட்டு கொஞ்சம் நகர்ந்தால் பரவாயில்லை, இன்னொரு 30 மைல் கழித்துத் திரும்ப அடியுங்கள். அப்போதும் நகர்ந்தால் சக்கரம் சரிவு முகத்தில் சரியாக உட்காரவில்லை என்று அர்த்தம். சக்கரத்தைக் கழற்றி அந்த முகத்தையும் ஸ்பிளைனையும் பார்க்காமல் காரை ரோட்டுக்கு எடுக்காதீர்கள்.